இழப்பும் கலப்பும்: குடாநாட்டில் பயிர்களின் காட்டுறவுகள்

(யாழ்ப்பாணத்தில் கமக்காரரும் ஆசிரியரும் மாணவரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கத்தரிக்காய் சமைக்காத வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை. விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்யும் கத்தரி வர்க்கங்களில் ஒன்று நம்முடைய திருநெல்வேலியின் பெயரையே தாங்கியிருக்கிறது. ஊதா நிறக் காய் தரும் அந்த வர்க்கத்தை இலங்கை முழுவதும் அறியும். ஆனால் அந்தக் கத்தரிக்கு ஒரு மூதாதை உண்டு என்பதும், அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. தென்னிந்தியாவிலும் இலங்கையின் உலர் வலயத்திலும் தெருவோரம், வேலியடி, வெறுங்காணி என்று தானாக முளைக்கும் முள்ளுக்கத்தரிதான் அது. தண்டிலும் இலையிலும் முள். காய் சிறு உருண்டை. பச்சையில் வெள்ளை வரியோடு இருக்கும், பழுத்தால் மஞ்சளாகும். தாவரவியலார் அதைச் சோலானம் இன்சானம் என்பார்கள். நாம் அதைக் காலில் குத்தும் களை என்போம், மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போவோம்.

இன்று நான் பேச வந்தது இப்படிப்பட்ட செடிகளைப் பற்றித்தான். ஒரு பயிரின் மூதாதையாகவோ அதற்கு நெருங்கிய இனமாகவோ இருந்து, யாரும் விதைக்காமலே வளரும் தாவரத்தை அந்தப் பயிரின் காட்டுறவு என்கிறோம். காட்டுறவுகளுக்கு இரண்டு வகையில் கேடு வருகிறது. ஒன்று இழப்பு: இடம் போகிறது, செடி குறைகிறது, கடைசியில் இல்லாமலே போகிறது. மற்றது கலப்பு: பக்கத்துத் தோட்டத்துப் பயிரின் மகரந்தம் வந்து சேர்ந்து, தலைமுறை தலைமுறையாகக் காட்டுச்செடி பயிராகவே மாறிவிடுகிறது. இழப்பைக் கண்ணாலே காணலாம், கவனிக்க ஆள் இருந்தால். கலப்பில் செடி நின்றபடியே நிற்கும். எண்ணிக்கை கூடவும் செய்யும். உள்ளே இருந்த பரம்பரை மட்டும் போய்விடும். ஆகவே செடியையும் எண்ண வேண்டும், பரம்பரையையும் அளக்க வேண்டும், அதைக் குறித்த கால இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இந்த ஒழுங்கு குடாநாட்டுக்கு உடனே வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்த ஒரே செய்தி.

களை என்று வெட்டியது காப்பாற்றிய கதை

எதற்காக இந்தப் பாடு என்று கமக்காரர் கேட்பது நியாயம். அதற்கு நெல்லின் கதையைச் சொல்கிறேன்.

1970களில் புற்குட்டை வைரசு என்ற நோய் ஆசியாவின் நெல்வயல்களை வாட்டியது. பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் தம் சேமிப்பில் இருந்த 6,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். பயிரிட்ட நெல் ஒன்றிலும் போதிய எதிர்ப்பு இல்லை. இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்லின் ஒரே ஒரு மாதிரியில், அதுவும் சில செடிகளில் மட்டும், அந்த எதிர்ப்பு இருந்தது. அதைக் கலந்து உருவாக்கிய வர்க்கங்களில் ஒன்றுதான் 1976இல் வெளியான ஐ.ஆர். 36. 1980களில் அது உலகில் 1 கோடி ஹெக்டேயர் அளவில் பயிரானது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது இனத்தின் பெயர் மட்டும் அல்ல. அதே ஒரைசா நிவாரா இனம் இந்தியாவில் பரவிக் கிடக்கிறது, இலங்கையிலும் உண்டு. ஆனால் அந்த ஒரு மாதிரியில் இருந்த பரம்பரையலகு மற்ற மாதிரிகளில் இல்லை. ஓர் இனம் அழியாமல் இருக்கிறது என்ற செய்தி நமக்குப் போதாது. அந்த இனத்துக்குள் எத்தனை விதமான பரம்பரை இருக்கிறது, எந்தக் குளத்தங்கரையில் எது இருக்கிறது என்பதுதான் உணவுக்கும் பசிக்கும் இடையில் நிற்கும் செய்தி. 2012இலும் 2020இலும் இலங்கை வெளியிட்ட தேசியச் செம்பட்டியல்கள் இனங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிட்டன. நல்ல பணி. ஆனால் இனத்துக்குள் நடக்கும் தேய்வு செம்பட்டியலில் தெரியாது.

நம் குடாநாட்டின் தேவை இன்னும் கூர்மையானது. இங்கே வற்றாத ஆறு கிடையாது. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலிக் கடலில் விழும் வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரை நம்பியே கிணறும் தோட்டமும் இருக்கின்றன. அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே ஏறும். தென்மராட்சியிலும் தீவுப்பகுதியிலும் உவர் ஏறிய வயல்களை உங்களுக்கு நான் காட்ட வேண்டியதில்லை. உப்பைத் தாங்கும் பயிர் நமக்கு ஆடம்பரம் இல்லை, அன்றாடத் தேவை.

அந்தத் தாங்கும் குணம் எங்கே இருக்கிறது? ஸ்பெயினின் வலென்சியாவில் இருந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, பயிர்க்கத்தரியையும் முள்ளுக்கத்தரியையும் உப்புநீர் ஊற்றி ஒப்பிட்டது. முள்ளுக்கத்தரியே கூடுதலாகத் தாங்கியது. அந்நகரப் பல்கலைக்கழகம் கத்தரியின் காட்டுறவுகளைப் பயிரோடு கலக்கும் பெரும் பணியில் இலங்கை ஆய்வாளர்களோடு சேர்ந்து வேலை செய்தது. இலங்கையில் சேகரித்த முள்ளுக்கத்தரி விதைகளும் அதில் இடம்பெற்றன. நாம் மண்வெட்டியால் வெட்டுவதை அவர்கள் கண்ணாடிக் கூடாரத்தில் வைத்து வளர்க்கிறார்கள்.

கடற்கரைக்குப் போனால் விக்னா மரினா என்ற கடற்பயறு. வெப்பநாட்டுக் கடற்கரைகளில் அலையடிக்கும் மணலில் மஞ்சள் பூவோடு படரும் கொடி. விதை கடலில் மிதந்து கரை மாறும். கௌபியும் பயறும் உளுந்தும் சேர்ந்த அதே விக்னா பேரினம்தான். பயிரோடு நேரே கலப்பது எளிதல்ல. ஆனாலும் உப்பை அது எப்படிச் சமாளிக்கிறது என்று யப்பானிய ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். பயறு வகையில் காட்டுறவு கைகொடுத்ததற்கு முன்னுதாரணமும் உண்டு. களஞ்சியத்தில் பயறைத் துளைக்கும் வண்டுக்கு எதிர்ப்பு, மடகாஸ்கரில் சேகரித்த ஒரு காட்டுப்பயறில்தான் கிடைத்தது.

நம்மிடம் என்ன இருக்கிறது

இலங்கையில் காட்டு நெல் இனங்கள் ஐந்து. அவற்றில் ஒரைசா ரைசோமாட்டிஸ் உலகில் வேறெங்கும் இல்லை. உலர் வலயத்தில், மாரியில் நிரம்பிக் கோடையில் வற்றும் பள்ளங்களில், மண்ணுக்கடியில் கிழங்குத் தண்டை வைத்துக்கொண்டு வறட்சியைக் கடக்கும் நெல் அது. 1990இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. பயறு வகையிலும் அப்படியே: உலர் வலயத்து விக்னா அரிடிகோலா 2002இல் தனி இனமாக விவரிக்கப்பட்டது. நரிப்பயறு தரவைகளில் ஆடுமாடு மேய்ந்தது போக மிஞ்சியதாகக் கிடக்கிறது. குருவித்தலைப் பாகல் வேலியில் ஏறிக் கிடக்கிறது. சுண்டங்கத்தரியும் தூதுவளையும் கண்டங்கத்தரியும் கத்தரியின் தூரத்து உறவுகள்.

இவை வாழும் இடங்களைப் பாருங்கள். வேலியடி, ஒழுங்கைக் கரை, வயல் வரம்பு, குளக்கட்டு, தரவை, மணற்கும்பி. 2015இல் சுண்டிக்குளமும் நெடுந்தீவும் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. அவை பறவைக்கும் குதிரைக்கும் காவல். காட்டுறவுகளில் பெரும்பாலானவை மனிதர் கிளறிய மண்ணில், மனிதரின் பக்கத்திலே வாழப் பழகியவை. பூங்காவுக்கு வெளியே, எவருடைய பொறுப்பிலும் இல்லாத நிலத்தில் அவை நிற்கின்றன. எனவேதான் அவற்றுக்குக் காவலும் இல்லை, கணக்கும் இல்லை.

உலக அளவில் கணக்கெடுக்கும் முயற்சி நடந்திருக்கிறது. ஆர்மேனியா, பொலிவியா, மடகாஸ்கர், இலங்கை, உஸ்பெக்கிஸ்தான் ஆகிய ஐந்து நாடுகளில் 2004 முதல் 2010 வரை காட்டுறவுகளை அவை வாழும் இடத்திலேயே காக்கும் திட்டம் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் துணையோடு நடந்தது. இலங்கையில் நெல், கறுவா, மிளகு, பயறு வகை, வாழை ஆகியவற்றின் உறவுகள் அதில் சேர்ந்தன. ஆண்டுகளைக் கவனியுங்கள். வன்னியில் போர் உச்சம் தொட்டு முடிந்த ஆண்டுகள் அவை. நாட்டின் மற்றப் பகுதிகளில் தாவரவியலார் நோட்டுப்புத்தகத்தோடு நடந்தபோது, இங்கே வரம்பில் நடக்கவே முடியாத காலம்.

இழப்பின் வழிகள்

இழப்பு எங்கிருந்து வருகிறது என்று சொல்ல அதிக நேரம் எடுக்க மாட்டேன், நீங்கள் பார்த்ததுதான். கிளுவையும் பூவரசும் நின்ற வேலிகள் மதிலாகின்றன. வேலி போனால் வேலியடிச் செடியும் போகும். வரம்பில் களைநாசினி அடிக்கிறோம். வடமராட்சி கிழக்கின் மணற்கும்பிகளில் மணல் அள்ளுகிறார்கள். தரவைகளில் பார்த்தீனியம் குடியேறுகிறது. 1987இல் இந்திய அமைதிப்படை வந்த காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் அந்தக் களை, தான் நிற்கும் இடத்தில் மற்றச் செடிகளை முளைக்க விடுவதில்லை.

போர் செய்த மாற்றம் ஒரே திசையில் இல்லை. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறிய பின் அங்கே தோட்டம் பற்றைக்காடானது. பயிர் இல்லாத இடத்தில் காட்டுச்செடிக்குச் சில ஆண்டு ஓய்வு கிடைத்திருக்கும்; பிறகு இபில் இபில் போன்ற மரங்கள் மூடியிருக்கும். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் லட்சக்கணக்கில் மழையில் நடந்தபோது காலபோகம் விதைத்திருந்த நேரம். விதைநெல்லைத் தூக்கிக்கொண்டு எத்தனை பேர் நடந்திருப்பார்கள்? ஊர் விதை அந்தப் பயணத்தில் எவ்வளவு போனது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. காணிகள் விடுவிக்கப்பட்டு மக்கள் திரும்பும்போது பற்றை வெட்டி, புல்டோசர் ஓட்டி, புது விதை வாங்கிப் போடுகிறார்கள். வேறு வழியும் இல்லை. ஆனால் அந்தப் பற்றைக்குள் என்ன நின்றது என்று பார்க்கும் வாய்ப்பு, காணி துப்புரவாகும் அந்த ஒரு கிழமைதான்.

கண்ணுக்குத் தெரியாத கலப்பு

இனி நான் நின்று பேச விரும்பும் இடம். கலப்பு.

உலகின் முக்கியமான 13 உணவுப் பயிர்களை எடுத்துக்கொண்டால், அவற்றில் 12 பயிர்கள் எங்கோ ஓரிடத்தில் தம் காட்டுறவோடு இயற்கையாகவே கலக்கின்றன என்று எல்ஸ்ட்ராண்ட் என்ற ஆய்வாளரும் தோழர்களும் 1999இல் தொகுத்துக் காட்டினார்கள். அப்படியானால் கலப்பு அபூர்வம் அல்ல, வழக்கம். பல்லாயிரம் ஆண்டுகளாக நடப்பதுதான். சிறிது கலந்தால் காட்டுச்செடிக்குப் புதுக்குணம் சேரவும் கூடும். பழைய காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் கத்தரி வேறு, வேலிக்கு வேலி முள்ளுக்கத்தரி வேறு. இரண்டு பக்கமும் பல்வகைமை இருந்தது. இன்று ஒரு பக்கம் ஆயிரக்கணக்கான பரப்பில் ஒரே கலப்பின விதை. மறுபக்கம் ஒழுங்கை முடக்கில் பத்துச் செடி. மகரந்தம் எந்தப் பக்கம் இருந்து எந்தப் பக்கம் பாயும் என்பது கேட்காமலே தெரியும்.

கத்தரிப் பூவை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? மகரந்தப்பை வெடித்துத் திறப்பதில்லை. நுனியில் ஊசித்துளை மட்டும் உண்டு. கருவண்டு போன்ற பெரிய தேனீ வகைகள் பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரச் செய்யும்போது, உப்புக்குப்பியைக் குலுக்கியதுபோல் மகரந்தம் கொட்டுகிறது. அந்த வண்டுக்குத் தோட்டத்துப் பூ, வேலிப் பூ என்ற பேதம் இல்லை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பிரியா தாவிதாரும் அமெரிக்க, பிரெஞ்சு ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. தென்னிந்தியாவில் முள்ளுக்கத்தரி கத்தரித் தோட்டங்களுக்கு அருகிலே நிற்கிறது, ஒரே காலத்தில் பூக்கிறது, இரண்டுக்கும் ஒரே தேனீக்கள் வருகின்றன, கையால் கலந்தால் நல்ல விதை கிடைக்கிறது. புதுச்சேரியிலும் யாழ்ப்பாணத்திலும் வேலியும் வெயிலும் வண்டும் ஏறத்தாழ ஒன்றுதான்.

அந்த ஆய்வுக்குப் பின்னணியில் மரபணு மாற்றிய கத்தரி பற்றிய விவாதம் இருந்தது. புழு எதிர்ப்புப் பரம்பரையலகு ஏற்றிய பி.டி. கத்தரியை இந்தியா 2010 பெப்ரவரி 9இல் நிறுத்தி வைத்தது. வங்காளதேசம் 2013இல் அனுமதித்தது. அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நிற்பது என்பது இன்றைய பொருள் அல்ல. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: மரபணு மாற்றிய விதை வந்தால்தான் கலப்பு என்று நினைப்பது தவறு. கடையில் பொட்டலத்தில் வாங்கும் சாதாரணக் கலப்பின விதையும் அதே வேலையைச் செய்யும். மரபணு மாற்றிய பயிர் என்றாவது வந்தால், அது பரவியதா இல்லையா என்று சொல்வதற்கும் அதற்கு முந்திய நிலையின் பதிவு வேண்டும். அந்தப் பதிவு நம்மிடம் இல்லையென்றால் எந்த விவாதத்திலும் நாம் ஊகத்தையே பேசுவோம்.

கலப்பு கடைசியில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தாய்வான் சாட்சி. அங்கே காட்டு நெல் ஒன்று இருந்தது. நெல்வயல் நடுவே, நீரோடைக் கரையில் நின்ற அந்தக் கூட்டங்களில் பயிர்நெல்லின் குணங்கள் கூடிக்கொண்டே வந்தன, விதை பிடிப்பது குறைந்தது, வாழிடமும் சுருங்கியது. 1970களின் இறுதிக்குள் அது இயற்கையில் மறைந்துவிட்டது. கலப்பின் மறுமுகத்தை நம் நாட்டுக் கமக்காரரே அறிவார்கள். 1990களில் அம்பாறையில் தலைகாட்டிய களை நெல், பயிர்நெல்லும் காட்டுநெல்லும் கலந்த குணத்தோடு, அறுவடைக்கு முன்பே மணியை உதிர்த்துவிட்டு அடுத்த போகத்துக்குக் காத்திருக்கிறது. வீச்சு விதைப்பும், வயலுக்கு வயல் ஓடும் அறுவடை இயந்திரமும் அதற்கு வாகனம். கலப்பு காட்டுநெல்லுக்கும் கேடு, வயலுக்கும் கேடு.

மாணவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. பத்துச் செடி மட்டுமே இனம் பெருக்கும் ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். தலைமுறை ஒன்றுக்கு அதன் பரம்பரைப் பல்வகைமையில் 20இல் 1 பங்கு, அதாவது 5 வீதம், தற்செயலாகவே கழியும். பத்துத் தலைமுறையில் ஏறத்தாழ 40 வீதம் போய்விடும். இது இழப்பின் கணக்கு. இனி 500 செடி நிற்கும் பெரிய கூட்டம் ஒன்று. அதில் இழப்பு மிகச் சொற்பம். ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் 100 விதையில் 10 விதைக்குத் தகப்பன் தோட்டத்துக் கத்தரி என்று வையுங்கள். விதையில் பாதி தாயிடமிருந்து வருவதால், தலைமுறைக்கு 5 வீதம் பயிர்ப் பரம்பரை நுழைகிறது. இயற்கைத் தேர்வு தடுக்காவிட்டால் பத்துத் தலைமுறையில் அந்தக் கூட்டத்தின் பரம்பரையில் ஏறத்தாழ 40 வீதம் தோட்டத்துடையதாகிவிடும். இரண்டு கூட்டத்திலும் காட்டுப் பரம்பரையின் சேதம் ஒரே அளவு. முதலாவதைப் போய்ப் பார்த்தால் பத்துச் செடி என்று பதறுவோம். இரண்டாவதைப் பார்த்தால் 500 செடி செழித்து நிற்கிறது என்று நிம்மதியாகத் திரும்பி வருவோம்.

அளப்பது எப்படி

அப்படியானால் அளப்பது எப்படி? மூன்று அடுக்காகச் செய்யலாம்.

முதல் அடுக்கு எண்ணிக்கை. குடாநாட்டில் சில இடங்களைத் தெரிந்தெடுத்து, ஜி.பி.எஸ். குறித்து, மாரி மழைக்குப் பின் செடிகள் பூக்கும் காலத்தில் ஆண்டுதோறும் ஒரே முறையில் எண்ண வேண்டும். இடங்கள் இரு வகையாக இருக்க வேண்டும். கோப்பாய், திருநெல்வேலி போன்ற தோட்டச் செறிவுள்ள இடங்களின் வேலியோரங்கள் ஒரு வகை. தோட்டத்திலிருந்து தூரமான தரவை, தீவுப்பகுதி, கடற்கரை மற்ற வகை. இரண்டையும் ஒப்பிட்டால்தான் மாற்றத்துக்குக் காரணம் மழையா, மகரந்தமா என்று பிரித்துச் சொல்ல முடியும்.

இரண்டாம் அடுக்கு தோற்றம். முள்ளுக்கத்தரியில் கலப்பு நுழைந்தால் அடையாளம் தெரியும்: காய் பெருக்கும் அல்லது நீளும், தோலில் ஊதா ஏறும், முள் குறையும். இவற்றைப் பதிய ஆய்வுகூடம் வேண்டாம். ஓர் அளவுகோல், ஒரு படம், ஒரு படிவம் போதும். உயர்தர உயிரியல் படிக்கும் மாணவர் எவரும் செய்யக்கூடிய வேலை.

மூன்றாம் அடுக்கு பரம்பரை. தோற்றம் ஏமாற்றும். முதற்கலப்பில் தெரிந்த குணம், காட்டுச்செடியோடு மீண்டும் மீண்டும் கலக்கும்போது மறைந்துவிடும். உள்ளே பயிரின் பரம்பரையலகு தங்கியிருக்கும். ஆகவே ஐந்தாண்டுக்கு ஒரு முறை, ஒவ்வோர் இடத்திலும் 30 செடிக்குக் குறையாமல் இலை எடுத்து, சிலிக்கா மணியில் உலர்த்தி, டி.என்.ஏ. குறிகளைப் பார்க்க வேண்டும். 30 என்பது மனம்போன எண் அல்ல. ஒரு செடியில் ஒவ்வொரு பரம்பரையலகும் இரண்டு பிரதி. 30 செடியில் 60. கூட்டத்தில் 20இல் 1 என்ற அளவில் இருக்கும் எந்த எதிருருவும், அதாவது பரம்பரையலகின் மாற்று வடிவமும், இந்த 60க்குள் அகப்பட 95 வீத வாய்ப்பு உண்டு. காட்டுச்செடியில் மட்டும் இருந்த எதிருருக்கள் குறைகின்றனவா, பயிருக்கு மட்டும் உரியவை ஏறுகின்றனவா என்பதுதான் நாம் தேடும் விடை.

தொடக்கநிலை எங்கே என்று கேட்கலாம். முழுவதும் இருட்டு இல்லை. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஹென்றி ட்ரைமன் 1893இல் வெளியிடத் தொடங்கி, அவர் மறைந்த பின் ஜோசப் ஹூக்கர் 1900இல் முடித்த இலங்கைத் தாவரக் கைநூல், தமிழ்ப் பெயர்களோடு யாழ்ப்பாணத்துச் செடிகள் பலவற்றைக் குறித்திருக்கிறது. பேராதனைத் தேசிய உலர்தாவரகத்தில் பழைய உலர்செடித் தாள்கள் உள்ளன. உலர்ந்த இலையிலும் டி.என்.ஏ. எடுக்கும் நுட்பம் இன்று உண்டு. கன்னொறுவையில் யப்பானிய உதவியோடு அமைந்த தாவரப் பிறப்புரிமை வள நிலையத்தின் குளிர்க்களஞ்சியத்தில் விதைகள் இருக்கின்றன. இவை அன்றைய நிலைக்குச் சாட்சி. இன்றைய நிலையை எடுத்து இவற்றோடு ஒப்பிடலாம்.

களஞ்சியத்தில் விதை இருக்கும்போது வேலியடியில் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். களஞ்சியம் கட்டாயம் வேண்டும். அதற்கு இங்கிருந்து இன்னும் விதை போக வேண்டும். ஆனால் குளிரறையில் விதை உறங்குகிறது. வெளியே நிற்கும் செடி ஆண்டுதோறும் உவரோடும் வறட்சியோடும் புது நோயோடும் போராடித் தன்னை மாற்றிக்கொள்கிறது. 2000ஆம் ஆண்டு எடுத்த விதைக்கு 2040இன் உப்பு தெரியாது. தவிர, களஞ்சியத்தில் இருப்பது நாம் போய் எடுத்தது மட்டும்தான். புற்குட்டை வைரசுக்கு எதிர்ப்பு இருந்த அந்த ஒரு மாதிரியை எடுக்காமல் விட்டிருந்தால் அது இல்லையென்றே எழுதியிருப்போம்.

யார் செய்வது

கமக்காரரின் தலையில் இந்தச் சுமையை ஏற்றக் கூடாது. முள்ளுக்கத்தரிக்காகத் தோட்டத்தைத் தரிசாகப் போடு என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. கேட்பது சிறிது: தோட்டத்துக்குள் களையை வெட்டுங்கள், வேலிக்கு வெளியே, ஒழுங்கைக் கரையில், வரம்பு முடக்கில் நிற்பதை விட்டுவிடுங்கள். மருந்து அடிக்கும்போது குழாயை வேலிப்பக்கம் திருப்பாதீர்கள். வித்தியாசமான காயோ கதிரோ கண்டால் விவசாயப் போதனாசிரியரிடம் சொல்லுங்கள்.

மற்றதைச் செய்ய நிறுவனங்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாவரவியற் துறை இருக்கிறது. 1990இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரால் இடம்பெயர்ந்து, மீண்டும் அறிவியல் நகருக்குத் திரும்பிய விவசாய பீடம் இருக்கிறது. திருநெல்வேலியில் விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஊருக்கு ஊர் கமநல சேவை நிலையமும் கமக்காரர் அமைப்பும் பாடசாலையும் உண்டு. பல்கலைக்கழகம் முறையை வகுத்து மூன்றாம் அடுக்கை ஏற்கட்டும். பாடசாலைகள் முதல் இரண்டு அடுக்கைச் செய்யட்டும். ஒரு பாடசாலைக்கு ஓர் இடம் என்றால் போதும். பிரதேச சபைகள் தெருவோரம் துப்புரவு செய்யும்போது, குறித்துவைத்த இடங்களை விட்டுச் செய்யட்டும். எண்ணிக்கை பாதியாகக் குறைந்தாலோ, கலப்பு அடையாளம் கூடினாலோ என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்: உடனே விதை எடுத்துக் கன்னொறுவைக்கு அனுப்புவது, தோட்டங்களுக்குத் தூரமான இடத்தில் அந்தக் கூட்டத்துக்கு ஒரு புகலிடம் அமைப்பது. செயலுக்கு வழிவிடாத கணக்கு கோப்பில் தூங்கும்.

உலக நாடுகள் 2022இல் மொன்றியலில் ஏற்ற உயிர்ப்பல்வகைமைச் சட்டகம், காட்டினங்களுக்குள்ளும் பயிர்களுக்குள்ளும் இருக்கும் பரம்பரைப் பல்வகைமையைக் காப்பதை இலக்காக வைத்திருக்கிறது. அந்த இலக்குக்கான அறிக்கையை அரசு எழுதும். அதில் வடக்கின் பக்கம் வெறுமையாக இருப்பதும் நிரம்பியிருப்பதும் நம் கையில் இருக்கிறது.

இந்த அவையில் இருக்கும் ஆசிரியர்களை ஒன்று கேட்டு முடிக்கிறேன். வருகிற மாரிக்குப் பிறகு உங்கள் பாடசாலையைச் சுற்றி ஓர் ஒழுங்கையைத் தெரிந்தெடுங்கள். அதில் நிற்கும் முள்ளுக்கத்தரி எத்தனை, நரிப்பயறு எத்தனை, குருவித்தலைப் பாகல் எத்தனை என்று மாணவரைக் கொண்டு எண்ணி, திகதியும் இடமும் போட்டு எழுதி, ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்திலும் ஒரு பிரதியைப் பல்கலைக்கழகத் தாவரவியற் துறையிலும் வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே ஒழுங்கையில் எண்ணுங்கள். முதல் ஆண்டின் கணக்கு இல்லாமல் எந்த இழப்பையும் நிரூபிக்க முடியாது. அந்த முதல் ஆண்டை இந்த ஆண்டாக்குங்கள்.